கண்காணா வாணிகத்தில் கள்ளாமை

இல்லறத்தார்க்கு ஜினாகமம் வகுத்தளித்த ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமை மூன்றாவது. கொல்லாமையைப் பற்றி நாள்தோறும் பேசுகிறோம். உணவிலும் தொழிலிலும் அதனைக் காக்க முயல்கிறோம். பொய்யாமையைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். கள்ளாமை மட்டும், நாம் என்றோ நிறைவேற்றி முடித்துவிட்ட விரதம்போலப் பேசப்படாமலே போகிறது. பிறர் வீட்டில் கன்னமிடாதவன், பிறர் பையில் கையிடாதவன், தன்னைக் கள்ளன் என்று எவ்வாறு எண்ணுவான்? ஆயினும், தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமி ஆசாரியர் களவுக்கு வகுத்த இலக்கணத்தில் கன்னமும் இல்லை, பூட்டும் இல்லை. கொடுக்கப்படாததைக் கொள்வதே களவு என்ற அளவில் அவர் நிறுத்திக்கொண்டார்.

இவ்விலக்கணத்தை ஆழ்ந்து நோக்கினால் ஒரு வினா எழும். ஒருவர் தம் கையாலேயே பணத்தைத் தருகிறார். ஆனால் வாங்கும் பொருள் இன்னதென்று தவறாக நம்பித் தருகிறார். அவருடைய நம்பிக்கை தவறு என்பதை விற்பவர் அறிவார். அறிந்தும் வாளா இருக்கிறார். அப்பணம் கொடுக்கப்பட்டதா, கொள்ளப்பட்டதா? இவ்வினாவை அஞ்சல்தலை வாணிகம் என்னும் சிறிய துறையில் வைத்து ஆராய்வோம். கணினி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நடைபெறும் இந்த வாணிகத்தில் வினா மிகக் கூர்மையாக நிற்கிறது என்பதே அதற்குக் காரணம்.

அஞ்சல்தலை சேர்த்தல் நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. 1935ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாத் தலைகளில் கல்கத்தா ஜைன ஆலயம் இடம்பெற்றது. 1949இல் வெளிவந்த தொல்லியல் வரிசையின் 15 ரூபாய்த் தலையில் பாலிதானாவின் சத்ருஞ்சயம் காட்சியளித்தது. 1960இல் திருவள்ளுவரும், பகவான் மகாவீரர் மோட்சமடைந்த 2500ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1974இல் பாவாபுரி ஆலயமும், 1981இல் சிரவணபெளகொளாவின் கோமடேசுவரரும் அஞ்சல்தலைகளில் எழுந்தருளினர். இவற்றைத் தேடிச் சேர்க்கும் சிறுவர் சிறுமியர் நம்மிடையே இன்றும் உளர். வேறு சில வீடுகளிலோ, பாட்டனார் காலத்துக் கடிதங்கள் பெட்டியடியில் உறைகளோடு கிடக்கின்றன. வாலாஜாபாத் ஒருகாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீடாக இருந்த ஊர். இத்தகைய ஊர்களின் பழைய அஞ்சல் முத்திரை தெளிவாக விழுந்த ஓர் உறைக்கு, உள்ளிருக்கும் கடிதத்தைவிட விலை மிகுதி என்பதை அப்பெட்டிக்குரியோர் பலர் அறியார்.

முன்னாளில் இவ்வாணிகம் முகம் பார்த்து நடந்தது. சேகரிப்போர் சங்கத்துக் கூட்டத்திலோ கடையிலோ, வாங்குபவர் தலையை இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பின்புறம் திருப்பிப் பார்த்து, ஓரத் துளைகளை அளவுகோலில் வைத்து எண்ணி, அதன்பின் பணம் தந்தார். 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே போன்ற இணைய ஏல நிலையங்கள் வந்தபின் நிலைமை மாறிற்று. ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது. ஆயினும் வாணிகம் ஓயவில்லை. ஏலத் தளங்களிலும், முகநூல், வாட்ஸ்அப் குழுக்களிலும் அது பெருகியிருக்கிறது. இங்கு வாங்குபவர் காண்பது ஒரு நிழற்படம். கேட்பது நான்கு சொற்கள். நிழற்படம் தலையின் முகத்தைக் காட்டும். பின்பசை மாற்றப்பட்டதா, தாள் தேய்ந்து மெலிந்ததா, கிழிசல் ஒட்டப்பட்டதா என்பவற்றை அது காட்டாது. அவற்றையெல்லாம் விற்பவரின் சொல்லைக் கொண்டே அறிய வேண்டும். ஆகவே இவ்வாணிகத்தில் முதலில் விற்கப்படுவது பொருளன்று, சொல். பொருள் பின்னர் அஞ்சலில் வருகிறது.

ஒரு சொல்லின் விலை எவ்வளவு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. விடுதலையின் முதலாண்டு நிறைவு நாளான 1948 ஆகஸ்டு 15 அன்று காந்தியடிகளின் நினைவாக நான்கு அஞ்சல்தலைகள் வெளியாயின. சுவிட்சர்லாந்தில் அச்சிடப்பட்ட அவற்றுள் உயர்ந்தது 10 ரூபாய்த் தலை. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் நம் இராஜாஜி அவர்கள். அவருடைய அலுவலகப் பயன்பாட்டுக்கென 'சர்வீஸ்' என்ற ஆங்கிலச் சொல் கறுப்பு மையில் மேலச்சிடப்பட்டுத் தனிப் பிரதிகள் ஆயத்தமாயின. 10 ரூபாய்த் தலையில் அவ்வாறு அச்சிடப்பட்டவை 100 மட்டுமே. மேலச்சு இல்லாத 10 ரூபாய்த் தலை இன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்குக் கிடைக்கும். மேலச்சு உள்ள நான்கு தலைகள் சேர்ந்த ஒரு வரிசையை, இலண்டனைச் சேர்ந்த ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம் 2017இல் 5 இலட்சம் பவுனுக்கு, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4 கோடி ரூபாய்க்கு விற்றது.

இவ்வளவு பெரிய வேறுபாடு ஒரு கறுப்புச் சொல்லில் அடங்கியிருக்கும்போது, அச்சொல்லைப் போலியாக அச்சிடுவோர் தோன்றாதிருப்பரோ? தோன்றினர், அத்தகைய போலி மேலச்சுகள் உலவுகின்றன. அப்போலியின் இயல்பை நோக்குங்கள். தாள் உண்மையானது, காந்தியடிகளின் உருவம் உண்மையானது, அச்சிட்ட நாடும் ஆண்டும் உண்மையானவை. பொய் அந்த ஒரு சொல்லில் மட்டுமே உள்ளது. "அசல் 1948 காந்தி தலை" என்று விற்பவர் விளம்பரம் செய்தால், அவர் சொன்னது பொய்யா?

இவ்விடத்தில் நம் சமயத்தின் தனிச்சிறப்பான அனேகாந்தம் நமக்கு விளக்காகிறது. பொருள் பல தன்மைகளை உடையது. எந்தக் கூற்றும் ஒரு நோக்கிலிருந்தே உண்மையாகும். ஆதலால் எந்த நோக்கிலிருந்து சொல்கிறோம் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது சியாத்வாதம். இதனை இருபுறமும் பேசுவதற்கு இடந்தரும் கொள்கை என்று பிறர் சிலர் பிழைபட உரைப்பர். உண்மையில் அது வணிகனின் நாவுக்கு இடப்பட்ட கடுமையான கட்டுப்பாடு. தாளின் நோக்கில் இது அசல், மேலச்சின் நோக்கில் அசலன்று. முகத்தின் நோக்கில் பழுதற்றது, பின்பசையின் நோக்கில் பழுதுபார்க்கப்பட்டது. இவ்வாறு பிரித்துக் கூறுபவர் சியாத்வாதி. "அசல்" என்று ஒரே சொல்லில் முடித்து, எந்த நோக்கில் என்பதை மறைப்பவர், ஒரு பகுதியின் உண்மையைக் காட்டி முழுமையின் விலையைப் பெறுகிறார். பகுதிக்கு மேற்பட்ட அவ்விலையை வாங்குபவர் அறிந்து கொடுக்கவில்லை. கொடுக்கப்படாததைக் கொண்டதால் அது களவாயிற்று. நம் முதல் வினாவுக்கு விடை இதுவே.

ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒன்று இதனை மேலும் தெளிவாக்கும். ழான் டி ஸ்பெராட்டி என்பவர் அரிய அஞ்சல்தலைகளைப் போலவே செய்வதில் ஒப்பற்ற திறன் படைத்தவர். 1942இல் அவர் பிரான்சிலிருந்து போர்த்துகலுக்கு அனுப்பிய தலைகளைச் சுங்கத்தார் பிடித்தனர். அவை மிக்க விலையுள்ள அசல் தலைகள் என்று நிபுணர்கள் உரைத்தனர். அவற்றை மறைவாக நாடு கடத்தினார் என்று அவர்மேல் வழக்கு எழுந்தது. அவை தாமே செய்த நகல்கள் என்று அவர் கூறினார்! 1954இல் பிரிட்டிஷ் அஞ்சல்தலைச் சங்கத்தார் அவருடைய இருப்பையும் கருவிகளையும் விலைக்கு வாங்கினர். இன்று ஸ்பெராட்டியின் நகல்களை, நகல்கள் என்றே சொல்லி வெளிப்படையாக விற்கிறார்கள்; வாங்கிப் போற்றுவோரும் உளர். அதே தாள்துண்டு "இது நகல்" என்ற சொல்லோடு சென்றால் நேர்மையான வாணிகம். "இது அசல்" என்ற சொல்லோடு சென்றால் களவு. குற்றம் பொருளில் இல்லை. அதனோடு சேர்த்தனுப்பும் சொல்லில் இருக்கிறது.

கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை ஆசாரியர் எண்ணிக் காட்டியுள்ளார். நூற்றாண்டுகளுக்கு முன் கூறியவை இன்றைய வாணிகத்துக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று பாருங்கள்.

முதலாவது, களவுக்குத் தூண்டுதல். இரண்டாவது, களவுப் பொருளை வாங்குதல். 1918இல் அமெரிக்காவில் விமானம் தலைகீழாக அச்சான 24 சென்டு தலைகள் 100 வெளிப்பட்டன. அவற்றுள் நான்கு சேர்ந்த தொகுதி ஒன்று 1955இல் ஒரு கண்காட்சியில் களவுபோயிற்று. அவற்றுள் ஒரு தலை 60 ஆண்டுகளுக்குப் பின், 2016இல், ஏலத்துக்கு வந்தபோது அடையாளம் காணப்பட்டு, உரிமை பெற்றிருந்த அஞ்சல்தலை நூலகத்திடம் சேர்க்கப்பட்டது. கொண்டுவந்தவர் அதனைத் தம் பாட்டனாரிடமிருந்து பெற்றவர், களவு அறியாதவர். அறியாதவரையும் தேடி வரும் பழி, விசாரிக்காமல் வாங்குபவரை விடுமோ? ஆதலால் "இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்பது ஐயமன்று; விரதம்.

மூன்றாவது, அரசின் ஆணைக்கு மாறாக வாணிகம் செய்தல். வெளிநாட்டுக்கு விற்ற தலையை "அன்பளிப்பு" என்றும், ஆயிரங்கள் மதிப்புள்ளதை நூறு ரூபாய் என்றும் சுங்கத் தாளில் எழுதுவது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. வழக்கமானதால் அது தூயதாகிவிடாது. நான்காவது, அளவைகளைக் குறைத்தும் மிகுத்தும் வழங்குதல். இங்குப் படியும் துலாக்கோலும் இல்லை. விலைப்பட்டியல் நூலே அளவை. பட்டியலில் உள்ள விலை பழுதற்ற பிரதிக்குரியது. கிழிந்த தலைக்கு அவ்விலையைக் காட்டி, "பாதி விலைக்குத் தருகிறேன்" என்பது குறைப்படியால் அளப்பதேயாகும்.

ஐந்தாவது, உண்மைப் பொருளைப் போன்ற போலியைக் கொண்டு வாணிகம் செய்தல். போலி மேலச்சு, புதிதாகத் தடவிய பின்பசை, வெட்டிச் செய்த ஓரத் துளை, இரசாயனத்தால் கழுவப்பட்ட முத்திரை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். ஒரு நாடு வெளியிடாத தலைகளை அதன் பெயரில் அச்சிட்டு விற்போரும் உளர்; அதனால் உலக அஞ்சல் ஒன்றியம், உறுப்பு நாடுகள் வெளியிடும் தலைகளுக்கு 2002 முதல் எண்ணிட்டுப் பதிவு செய்யும் முறையை ஏற்படுத்தியது. நம் நாட்டுச் சட்டமும் போலி அஞ்சல்தலையைச் செய்வதையும் விற்பதையும் தடுத்துள்ளது. பழைய தண்டனைச் சட்டத்தில் அதற்குரிய அபராதம் அதிக அளவாக 200 ரூபாய்! சட்டத்தின் தராசில் இக்குற்றத்தின் எடை அவ்வளவே. வினையின் தராசு வேறு.

"அவர் கேட்கவில்லை; நான் சொல்லவில்லை. இதில் பொய் எங்கே?" என்பார் உளர். "நான் நிபுணன் அல்லன், உள்ளது உள்ளபடி, திருப்பி வாங்க இயலாது" என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டுக் கைகழுவுவாரும் உளர். உண்மையாகவே அறியாதவர் அவ்வாறு எழுதினால் அது அடக்கம். அறிந்தவர் எழுதினால் அது திரை. காஞ்சிபுரத்தையும் வாலாஜாபாத்தையும் சூழ்ந்த நெசவாளர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. பட்டு கொல்லாமைக்கு ஒக்குமா என்பது தனியே பேசத்தக்க வினா. இங்கு ஜரிகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தூய ஜரிகையில் பட்டிழைமேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசுவர்; போலியில் செம்பு இருக்கும்; அல்லது வெறும் பளபளப்பு இழை இருக்கும். கடையில் இரண்டும் ஒன்றுபோல் மின்னும். சேலை வாங்க வருபவர் செம்பா வெள்ளியா என்று கேட்கத் தெரியாதவர் என்பதாலேயே, சொல்லவேண்டிய கடமை கடைக்காரரைச் சேர்கிறது. கேட்கத் தெரியாமையை வருவாயாக்கிக் கொள்வது வாணிகமன்று. வணிகர்க்குரிய நெறியைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் வைத்ததன் நுட்பம் இங்கே விளங்கும்.

இதுவரை விற்பவரைப் பற்றிக் கூறினோம். இனி, அதனினும் கடினமான மறுபுறம் ஒன்று உண்டு. விற்பவர் அறியாதவராகவும் வாங்குபவர் அறிந்தவராகவும் இருந்தால் என்செய்வது? கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் பழைய ஆல்பத்தின் படத்தை இணையத்தில் இட்டு, "ஆயிரம் ரூபாய் தந்தால் போதும்" என்கிறார். அதில் உள்ள ஒரே தலை இருபதாயிரம் பெறும் என்று நமக்குத் தெரிகிறது. விற்பவரே கூறிய விலையைத் தந்து வாங்குவது களவாகுமா?

எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அறிவு உழைப்பால் வருவது. பல ஆண்டு கற்றவர்க்கு அதன் பயன் வேண்டாமா? வேண்டும். தொழில்முறை வணிகர் பலர் கூடும் ஏலத்தில், விற்பவரும் அறியக் கடமைப்பட்டவர். அங்கே திறமைக்குத் திறமை எதிர்நிற்கிறது. கூர்ந்து கண்டவர் பெறும் இலாபம் கொடுக்கப்பட்டதே. ஆனால் மூதாட்டி அப்போட்டியில் இறங்கியவர் அல்லர். தம்மிடம் இருப்பது இன்னதென்று அறிந்து அவர் விலை கூறவில்லை. அவர் கொடுக்க எண்ணியது பழைய தாள்களை; நாம் கொண்டதோ பெரும்பொருளை.

காந்தியடிகள் 1891இல் பம்பாயில் சந்தித்து, வாழ்நாள் முழுதும் போற்றிய ஸ்ரீமத் ராஜசந்திரர் (1867-1901) முத்தும் மணியும் விற்ற ஜைன வணிகர். அவருடைய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி கூறுவர். அராபிய வணிகர் ஒருவரின் தம்பி, தமையன் அறியாமல் முத்துகளைக் கொண்டுவந்து அவரிடம் விற்றுவிட்டார். குறித்த விலைக்குக் குறைந்து விற்கலாகாது என்ற கட்டளை தமக்கு இருப்பதைப் பின்னர் அறிந்த அந்தத் தம்பி, நடுங்கி வந்து நின்றார். விற்பனை முடிந்துவிட்டது, சட்டம் ராஜசந்திரர் பக்கம். அவரோ முத்துகளை அப்படியே திருப்பிக் கொடுத்தார் என்பர். பேரம் முடிந்ததை அவர் பார்க்கவில்லை. பொருள் உண்மையில் கொடுக்கப்பட்டதா என்று பார்த்தார்.

நாம் அனைவரும் ராஜசந்திரர் ஆகிவிட முடியாது. அணுவிரதம் இல்லறத்தார்க்கு உரியதாதலின், இயன்ற அளவே கேட்கிறது. ஆகவே ஓர் எளிய உரைகல்லைக் கொள்வோம். நாளை இத்தலையை நான் என்ன விலைக்கு விற்றேன் என்பதை, இன்று எனக்கு விற்றவரின் முகம் பார்த்துச் சொல்ல இயலுமா? இயலுமானால் அது நியாயமான இலாபம். மறைக்கவேண்டி வருமானால், அது கொடுக்கப்பட்ட பொருளன்று. மூதாட்டியிடம் உண்மையைக் கூறி, தம் அறிவுக்கும் உழைப்புக்கும் உரிய பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தருபவர் எதனையும் இழப்பதில்லை. இவ்வுரைகல் வாங்குபவர் விற்பவர் இருவர்க்கும் பொது.

எல்லாரும் இவ்விரதத்தில் நிற்பவர் அல்லராதலால், நம் இளைஞர்கள் தம்மைக் காத்துக்கொள்ளவும் அறியவேண்டும். விலையுயர்ந்த தலையானால் முன்புறம், பின்புறம் இரண்டின் தெளிவான படங்களைக் கேட்க வேண்டும். நீர்க்குறி, பின்பசை, இரண்டு சென்டிமீட்டர் அளவில் உள்ள ஓரத் துளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வினவ வேண்டும். நிபுணர் சான்றிதழ் உண்டென்றால், 1869இல் தோன்றிய இலண்டன் ராயல் அஞ்சல்தலைச் சங்கம் போன்ற எந்த அமைப்பு அளித்தது என்று கேட்டு, சான்றிதழ் எண்ணை அவ்வமைப்பிடமே சரிபார்க்க வேண்டும்; சான்றிதழும் போலியாகக்கூடும். திருப்பி அனுப்பும் காலவரையை எழுத்தில் பெற வேண்டும். தளத்தின் வழியாக அல்லாமல் நேரே பணம் அனுப்பச் சொல்பவரிடமும், "இப்போதே அனுப்பாவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்" என்று விரைவுபடுத்துபவரிடமும் விலகி நிற்க வேண்டும்.

விற்பவர்க்கும் இடர் உண்டு. பணம் அனுப்புவதாகச் சொல்லிக் கியூ.ஆர். குறியீட்டை அனுப்பி, யு.பி.ஐ. இரகசிய எண்ணை இடச் சொல்வோர் உளர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை. அதனை இட்டால் பணம் நம் கணக்கிலிருந்தே போகும். ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிட வேண்டும். பொருளை அனுப்புமுன் எடைபோட்டுப் படமெடுத்து, விரைவஞ்சலில் பதிவு வசதியோடு அனுப்புதல் நன்று. 2025இல் பதிவஞ்சல் விரைவஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. புதிய வெளியீடுகளையே விரும்பும் சிறுவர்க்கோ, அஞ்சல்துறையின் அஞ்சல்தலைப் பிரிவில் வைப்புக் கணக்குத் தொடங்கி, அச்சிட்ட விலைக்கே பெறுவது எல்லாவற்றினும் ஐயமற்ற வழி.

இக்காப்புகளுள் எதுவும் அவாவுக்கு முன் நில்லாது. நூறு பிரதிகளே உள்ள தலை ஐயாயிரம் ரூபாய்க்கு வருகிறதென்றால், அது போலியாக இருக்கும். இல்லையேல் களவாக இருக்கும். இரண்டும் இல்லையேல், அறியாதவர் ஒருவரின் இழப்பாக இருக்கும். இம்மூன்றையும் அறிந்தும் கை நீள்கிறதென்றால், ஏமாற்றியவர் வெளியில் மட்டும் இல்லை. கள்ளாமைக்குத் துணையாக ஐந்தாம் விரதமான பொருள்வரைதலை முன்னோர் வைத்தது இதனாலன்றோ? இவ்வளவே சேர்ப்பேன் என்று வரையறுத்தவர், மலிவு என்ற சொல் கேட்டு மயங்கார்.

ஆதலால், அஞ்சல்தலை சேர்க்கும் குழந்தைகளுக்கு ஆல்பத்தோடு ஒரு பழக்கத்தையும் கற்பிப்போமாக. ஒரு தலையை நண்பனுக்கு மாற்றாகக் கொடுக்கும்போது, அதன் பின்புறத்தையும் திருப்பிக் காட்டிவிட்டுக் கொடுக்கட்டும். கண்காணாத இடத்தில் இருப்பவர்க்கும் பின்புறத்தைக் காட்டும் பழக்கமே, கண்காணா வாணிகத்தில் கள்ளாமையாக வளரும்.